கேட்காமல் வாங்கிய கைநாட்டு

எங்கள் பிரசவ அறையில் ஒரு கேள்வி புழக்கத்தில் இருந்தது. வலி தாங்காமல் கத்துகிற பெண்ணைப் பார்த்துக் கேட்பது. “அப்போ மட்டும் நல்லா இருந்துச்சா?” எப்போது என்று யாரும் விளக்குவதில்லை. மேசைமேல் கிடக்கிறவளுக்குப் புரிந்துவிடும். சுற்றி நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு அடங்கிவிடுவாள். நாங்கள் அடுத்த மேசைக்குப் போவோம். முதன்முதலில் இதை யார் கேட்டார்களோ தெரியாது. வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் என் காதில் விழுந்தது. எனக்குக் கூசியது. இரண்டு மாதம் கழித்து நானே கேட்டேன். அப்போது கூசவில்லை.

பிரசவ வார்டில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களில் சிலர் போன வாரம் என் வீட்டுக்கு வந்தீர்கள். “உங்க சர்வீஸ்ல கத்துக்கிட்டத சொல்லுங்க சிஸ்டர்” என்று கேட்டீர்கள். தையல் போடுவதும் ரத்தப்போக்கை நிறுத்துவதும் உங்களுக்கு என்னைவிட நன்றாகவே சொல்லிக்கொடுத்திருப்பார்கள். அதனால் நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன். தப்பு என்று எழுதும்போதே அந்தச் சொல் போதாது என்று தெரிகிறது.

ஆஸ்பத்திரியின் பெயரைச் சொல்லப்போவதில்லை. சொன்னால், அங்கே மட்டும்தான் அப்படி என்று மற்றவர்கள் எல்லாம் நிம்மதியாகிவிடுவார்கள்.

அன்று பௌர்ணமி. மத்தியானத்திலிருந்தே ஊருக்குள் வண்டி நகரவில்லை. சத்யா என்ற பெண் வலியோடு வந்து சேர்ந்தாள். அடி அண்ணாமலையில் வாழ்க்கைப்பட்டவள், இருபத்தைந்து வயது, முதல் பிரசவம். கிரிவலப் பாதையில் ஆட்டோ நின்றுபோனதால் கடைசி ஒரு கிலோமீட்டரைத் தன் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்தே வந்திருந்தாள். வலி வரும்போதெல்லாம் நின்று, கூட்டம் விலகிப் போகும்வரை காத்திருந்து, மறுபடி நடந்து.

உள்ளே மூன்று மேசைகள். ஐந்து பெண்கள். நானும் இன்னொரு நர்ஸும். வார்டுக்கு இன்சார்ஜ் நான்தான்.

“எங்கம்மா என்கூட இருக்கட்டும் சிஸ்டர்” என்றாள் சத்யா.

“அதெல்லாம் உள்ள விடமாட்டாங்கம்மா.”

யார் விடமாட்டார்கள்? நான்தான். பிரசவத்தின்போது கூட ஒரு பெண் துணை இருக்கலாம் என்ற உத்தரவு எங்கள் வார்டின் வாசல் சுவரில் கண்ணாடி போட்டு மாட்டியிருந்தது. அதன் கீழே இருந்த பெஞ்சில்தான் அவள் அம்மா சாயங்காலம் வரை உட்கார்ந்திருந்தாள்.

சத்யா எழுந்து உட்கார வேண்டும் என்றாள். படு என்றோம். தண்ணீர் கேட்டாள். அப்புறம் என்றோம். கதவு திறந்தும் மூடியும் இருந்தது, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள் வந்து போனார்கள், காலை மூட ஒரு துணி கேட்டாள். யாருக்கும் கை ஒழியவில்லை. கடைசி வலியில் பெரிதாகக் கத்தினாள். என்னோடு இருந்த நர்ஸ் அந்தக் கேள்வியைக் கேட்டாள். நான் சிரித்தேன். மறைக்க ஒன்றுமில்லை, சிரித்தேன்.

பெண் குழந்தை. நன்றாக அழுதது. தாய்க்கும் ஆபத்தில்லை. எங்கள் கணக்கில் அது ஒரு நல்ல பிரசவம்.

இனிமேல்தான் விஷயம். நஞ்சுக்கொடி விழுந்ததும் எங்கள் டாக்டரம்மா உள்ளே வந்து காப்பர்-டி வைத்தார். அடுத்த பிள்ளையைத் தள்ளிப்போட, கர்ப்பப்பைக்குள் வைக்கிற சின்னக் கருவி. அதைக் கெட்டது என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். கேட்டு வைத்தால் எத்தனையோ பெண்களுக்கு அது விடுதலை. ஆனால் நாங்கள் கேட்பதில்லை. மாதக் கூட்டத்தில் எந்த ஆஸ்பத்திரி எத்தனை வைத்தது என்று பெயர் சொல்லி வாசிப்பார்கள். கம்மியாக வைத்தவர்கள் எழுந்து நிற்க வேண்டும். நின்ற அவமானத்தை நாங்கள் வார்டுக்குக் கொண்டுவந்து, எழுந்து நிற்கவே முடியாதவர்கள் மேல் இறக்கினோம்.

அதற்குச் சம்மதப் படிவம் ஒன்று உண்டு. தையல் போட்டுக்கொண்டிருக்கும்போதே நான் அதை எடுத்துக்கொண்டு சத்யாவின் தலைமாட்டுக்குப் போனேன். அவள் கண் பாதி மூடியிருந்தது. இடது கையை எடுத்து, கட்டைவிரலை மைப்பெட்டியில் அழுத்தி, படிவத்தில் அழுத்தினேன். “இன்னா சிஸ்டர் இது?” என்று கேட்டாள். “ஒண்ணுமில்லம்மா, ஆஸ்பத்திரி ஃபார்ம்” என்றேன். கீழே என் கையெழுத்தில், “விவரம் எடுத்துச் சொல்லப்பட்டது, சம்மதித்தார்” என்று எழுதி, சாட்சி என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எல்லாம் சேர்த்து ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. அன்று இப்படி எத்தனை பேரிடம் வாங்கினேன் என்று எனக்கு நினைவில்லை. இவளை மட்டும் நினைவிருப்பதற்குக் காரணம், இவள் திரும்பி வந்தாள்.

குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்திருந்தது. ஒருநாள் காலை பத்து மணி இருக்கும், வார்டு வாசலில் குழந்தையை இடுப்பிலும் ஒரு பிளாஸ்டிக் ஃபைலைக் கையிலும் வைத்துக்கொண்டு நின்றாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை.

“நான் சத்யா, சிஸ்டர். பௌர்ணமியன்னிக்கி நடந்து வந்தேனே.”

“ஆமாம்மா, சொல்லு.”

“எனக்கு காப்பர்-டி வெச்சீங்களா?”

அவள் நின்றுகொண்டே சொன்னதைக் கேட்டேன். பிரசவமானதிலிருந்து அடிவயிற்றில் வலி, ரத்தப்போக்கு ஜாஸ்தி. பச்சை உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று வீட்டில் சொல்லிவந்தார்கள். தாங்க முடியாமல் போன பிறகு மாமியாரோடு டவுனில் ஒரு ஸ்கேன் சென்டருக்குப் போயிருக்கிறாள். ஸ்கேன் பார்த்த டாக்டர், “உள்ள காப்பர்-டி இருக்கே, யார் வெச்சாங்க?” என்று கேட்டிருக்கிறார். சத்யா திருதிருவென்று முழித்திருக்கிறாள். பக்கத்தில் நின்ற மாமியார் அந்த முழிப்பை நம்பவில்லை.

“‘எங்களுக்குத் தெரியாம வெச்சிக்கினு வந்து நாடகம் ஆடறியா’ன்னு கேட்டாங்க சிஸ்டர். எங்க வீட்டுக்காரர் எட்டு நாளா என்கூடப் பேசல. எங்கப்பாவையும் அம்மாவையும் வரவெச்சி, பத்து பேர் முன்னாடி உக்கார வெச்சி, என்னைக் கையில கற்பூரத்தை அணைச்சி சத்தியம் பண்ணச் சொன்னாங்க. பண்ணேன்.”

வலது உள்ளங்கையைக் காட்டினாள். நடுவில் தோல் உரிந்து சிவந்திருந்தது.

“அப்பவும் நம்பல.”

பிள்ளைகளே, இந்த இடத்தில் நான் என்ன நினைத்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஐயோ பாவம் என்று நினைக்கவில்லை. ஃபைலுக்குள் என்ன இருக்கிறது என்று நினைத்தேன்.

ஃபைலுக்குள் ஒரு மனு இருந்தது. சத்யா வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் மனு டைப் அடித்துக் கொடுக்கிறவள். பட்டா மாற்றம், முதியோர் உதவி, ரேஷன் கார்டு என்று திங்கள்கிழமை தோறும் வரிசையில் நிற்கிறவர்களுக்கு எழுதிக் கொடுத்துப் பழகிய கை. தனக்காக முதல் முறை எழுதியிருந்தாள். நான்கே வரி. என் சம்மதம் இல்லாமல் என் உடம்புக்குள் ஒரு பொருள் வைக்கப்பட்டிருக்கிறது. அதை முடிவு செய்தது யார் என்று எனக்குத் தெரிய வேண்டும். நான் சம்மதித்ததாகக் காகிதம் இருந்தால் அதன் நகல் வேண்டும். நான் பொய் சொல்லவில்லை என்று என் குடும்பத்தாரிடம் ஆஸ்பத்திரி சொல்ல வேண்டும். நஷ்ட ஈடு என்ற வார்த்தையே அதில் இல்லை.

நகல் எடுத்துக் கொடுப்பதைத் தவிர வேறு வழியில்லை. அவள் அந்தப் படிவத்தைப் பார்த்தாள். 

“கைநாட்டா?” என்றாள். “நான் பி.காம். படிச்சிருக்கேன் சிஸ்டர். நான் எதுக்குக் கைநாட்டு வெக்கணும்?”

 படிவத்தில் சாட்சி என்ற இடத்தில் இருந்த பெயரை அவள் வாசித்தாள். பிறகு என் சட்டையில் குத்தியிருந்த பெயர் வில்லையை வாசித்தாள். நகலை ஃபைலுக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டாள்.

மனு மேலிடத்துக்குப் போனது. விசாரணைக்கு ஒரு அதிகாரி வருவதாகக் கடிதம் வந்தது. டாக்டரம்மா என்னைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் இல்லை. ராப்பகலாக உழைத்தவர். எத்தனையோ தாய்மார்களின் உயிரை அவர் கை காப்பாற்றியதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால்தான் அவர் அன்று சொன்னது எனக்கு இன்னும் ஆறவில்லை.

“சிஸ்டர், சிம்பிளா சொல்லிடுங்க. வாயால கேட்டோம், சரின்னா. கை நடுங்கிச்சு, பேனா புடிக்க முடியல, அதனால கைநாட்டு வாங்கினோம். வலியில இருந்தவளுக்கு எது ஞாபகம் இருக்கப் போவுது? உங்களுக்கும் ரிட்டையர்மெண்டுக்கு ஒரு வருஷம்தான் இருக்கு.”

எவ்வளவு கச்சிதமான பொய், பாருங்கள். யாராலும் மறுக்க முடியாது. நாங்கள் இரண்டு பேர் சொன்னால் அவள் ஒருத்தி சொல்வது நிற்காது. “சரிங்க மேடம்” என்றுதான் நான் சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் அந்த வாக்கியங்களைச் சொல்லிப் பார்த்துக்கூட வைத்திருந்தேன்.

விசாரணை எங்கள் ஆஸ்பத்திரியிலேயே நடந்தது. நீண்ட மேசைக்கு அந்தப் பக்கம் அதிகாரி. இந்தப் பக்கம் டாக்டரம்மா, நான். மேசையின் கோடியில், மடியில் குழந்தையோடு சத்யா. அவளுக்குப் பின்னால் அவள் புருஷன் ஏழுமலையும் மாமியாரும். அவர்கள் சத்யாவுக்குத் துணையாக வரவில்லை. யார் பொய் சொல்கிறார்கள் என்று பார்க்க வந்திருந்தார்கள்.

அதிகாரி தன்மையாகத்தான் கேட்டார். “ஏம்மா, டெலிவரி டைம்ல ரொம்ப வலி இருக்கும். அவங்க சொன்னது உனக்கு ஞாபகம் இல்லாம போயிருக்கலாம் இல்ல?”

“எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்குது சார்” என்றாள் சத்யா.

குரலை உயர்த்தவில்லை. மனு வாசிக்கிற மாதிரி வரிசையாகச் சொன்னாள். “நான் உள்ள போவும்போது மணி ரெண்டே கால். எங்கம்மாவ கேட்டேன், விடல. தண்ணி ரெண்டு வாட்டி கேட்டேன், குடுக்கல. கால் மேல போட துணி கேட்டேன். கதவு தொறந்து இருந்துச்சி, வெளிய ஒருத்தர் ஸ்ட்ரெச்சர்ல கை வெச்சிக்கினு நின்னுக்கினு இருந்தாரு. கத்துனதுக்கு ஒரு நர்ஸ், ‘அப்போ மட்டும் நல்லா இருந்துச்சா’ன்னு கேட்டாங்க. இந்த சிஸ்டர் சிரிச்சாங்க. கொழந்த பொறந்தது அஞ்சு பத்துக்கு. தையல் போடும்போது இவங்க என் கையப் புடிச்சி மையில வெச்சாங்க. இன்னா இதுன்னு கேட்டேன். ஆஸ்பத்திரி ஃபார்ம்னு சொன்னாங்க.”

அந்தக் கேள்வியை அதுவரை நான் பிரசவ அறைக்குள் மட்டும்தான் கேட்டிருந்தேன். ஃபேன் சுற்றுகிற ஒரு ஆபீஸ் அறையில், உடுத்தி உட்கார்ந்திருக்கும் மனிதர்களுக்கு நடுவில் அது விழுந்தபோது எப்படி இருந்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அதிகாரி காகிதத்தைப் பார்த்துக் குனிந்துகொண்டார். ஏழுமலை முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

மாமியார்தான் எழுந்தாள். வெயிலில் கறுத்து, மண்ணில் வேலை செய்து கை காய்த்த பெண். ஸ்கேன் எடுத்த நாளிலிருந்து மருமகளைத் திருடியைப் பார்ப்பதுபோல் பார்த்தவள். அவள் சத்யாவைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள்.

“இப்பிடியாம்மா கேட்டீங்க? புள்ள பெக்கறவளப் பாத்து? நீங்களும் பொம்பளதானே?”

அதிகாரி என் பக்கம் திரும்பினார். “சொல்லுங்க சிஸ்டர். சம்மதம் கேட்டீங்களா?”

வீட்டில் தயார் செய்த வாக்கியம் வாய் வரை வந்தது. டாக்டரம்மா மேசைமேல் இருந்த பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். என் தைரியத்தைப் பற்றி நீங்கள் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். நல்லவளாக இருந்ததால் நான் உண்மையைச் சொல்லவில்லை. அந்த மாமியார் இன்னும் நின்றுகொண்டிருந்தாள், அவ்வளவுதான். அவள் முன்னால் அந்தப் பொய்யைச் சொல்ல முடியவில்லை.

“கேக்கல சார்” என்றேன். “அந்தக் கைநாட்டு நான் புடிச்சி வெச்சது. எழுதினதும் நான்தான். அந்தப் பொண்ணுகிட்ட யாரும் எதுவும் கேக்கல. அது மட்டுமில்ல சார், நாங்க யாருகிட்டயும் கேக்கறதில்ல.”

அதிகாரி எழுதிக்கொண்டார். கடைசி வாக்கியத்தை அவர் எழுதவில்லை. அவர் பேனா நின்றதை நான் கவனித்தேன்.

மாமியார் மறுபடி உட்காரவில்லை. குழந்தையை சத்யாவின் மடியிலிருந்து வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, “வா, போவலாம்” என்றாள். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. ஏழுமலை ஃபைலை எடுத்துக்கொண்டான். மறுநாளே அவர்கள் வேறு ஆஸ்பத்திரிக்குப் போய், விசாரணை முடியும்வரை எடுக்காமல் வைத்திருந்த அந்தக் கருவியை எடுத்துக்கொண்டதாகப் பிறகு தெரிந்தது. எங்களிடம் வரவில்லை. ஏன் வருவார்கள்?

முடிவு என்ன ஆனது என்று கேட்பீர்கள். எனக்கு மெமோ வந்தது. பிரசவ வார்டிலிருந்து எடுத்து, தடுப்பூசி போடும் அறைக்கு மாற்றினார்கள். படிவம் வாங்குவது நர்ஸின் பொறுப்பு என்ற டாக்டரம்மாவின் விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது. அந்தக் கேள்வியைக் கேட்ட நர்ஸிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை. மாதக் கூட்டத்தில் எண்களை வாசிப்பது நிற்கவில்லை. சத்யாவைப்போல ஸ்கேன் எடுக்காத, மனு எழுதத் தெரியாத, கற்பூரத்தை அணைத்துவிட்டு வாய்மூடி இருந்துவிட்ட பெண்களைத் தேடி யாரும் ஊர் ஊராகப் போகவில்லை.  

மாறியது ஒன்றிரண்டு உண்டு. படிவத்தைப் பிரசவ அறைக்குள் கொண்டுபோகக் கூடாது, மாதாந்திரப் பரிசோதனைக்கு வரும்போதே நிதானமாகப் பேசிக் கேட்க வேண்டும் என்று வாய்மொழியாக உத்தரவு வந்தது. கூட ஒரு துணையை உள்ளே விட ஆரம்பித்தார்கள். பல வருஷமாகச் சுவரில் தொங்கிய உத்தரவு அப்போதுதான் வாசலைத் தாண்டி உள்ளே வந்தது. அதற்கு ஒரு பெண் தன் உள்ளங்கையைச் சுட்டுக்கொள்ள வேண்டியிருந்தது.

உங்களுக்கும் அப்படி ஒரு மத்தியானம் வரும். மேசை போதாது, ஆள் போதாது, மேலே இருக்கிறவர் எண் கேட்பார், எல்லாரும் கத்துவார்கள். அப்போது நேரமில்லை என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. ஆனால் மை தொட்டு விரலை அழுத்த எனக்கு நேரம் இருந்ததே? “இப்படி ஒண்ணு வெக்கலாம், வேணுமா, வேணாமா?” என்று கேட்க அதைவிட ஜாஸ்தி நேரம் ஆகாது. பதில் சொல்லும் நிலையில் அவள் இல்லை என்றால் அதுவே பதில். வைக்காதீர்கள். கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். நின்றால் கால்தான் வலிக்கும். வலியில் இருக்கிறவளுக்கு எதுவும் நினைவிருக்காது என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். ஒவ்வொரு தாய்க்கும் அந்த அறையில் யார் என்ன சொன்னார்கள் என்று சாகும்வரை நினைவிருக்கும். மறந்துபோவது நமக்குத்தான்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன்.

ஒன்பதாம் மாதத் தடுப்பூசிக்கு சத்யா குழந்தையை எடுத்துக்கொண்டு வந்தாள். அறைக்குள் வந்த பிறகுதான் ஊசி போடுவது நான் என்று பார்த்தாள். ஒரு கணம் நின்றாள். வேறு நர்ஸைக் கூப்பிடட்டுமா என்று கேட்டேன்.

“வேணாம். போடுங்க” என்றாள். “எதுக்கு இந்த ஊசின்னு மட்டும் சொல்லிட்டுப் போடுங்க.”

சொன்னேன். எந்த நோய்க்கு, எங்கே போடுவேன், காய்ச்சல் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று எல்லாம் சொன்னேன். தலையாட்டினாள். போட்டேன். குழந்தை வீறிட்டது. அவள் அதைத் தோளில் சாய்த்துத் தட்டிக்கொண்டே, என்னைப் பார்க்காமல் கேட்டாள்.

“உங்கள ஒண்ணு கேக்கணும் சிஸ்டர். அன்னிக்கி என் கையப் புடிச்சீங்களே. அப்ப என் மூஞ்சியப் பாத்தீங்களா?”

இந்த முறை எனக்குத் தயார் செய்த வாக்கியம் எதுவும் இல்லை.

“இல்லம்மா. ஃபார்மைத்தான் பாத்துக்கினு இருந்தேன்.”

“தெரியும்” என்றாள். “நான் உங்களத்தான் பாத்துக்கினு இருந்தேன்.”